கேடயத்தின் நடுவில் ஒரு துளை

மூன்றாவது முறையாகவும் வீரனைக் குத்தியிருந்தார்கள், அதுவும் அதே இடத்தில்.

லேபிள்காரர் கண்ணாடித் தகட்டின் மேலிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார். அது சூட்டுக்காக வைத்த பெட்டியல்ல, கனத்துக்காக வைத்தது. தகட்டுக்கு அடியில், ஒரு தட்டில், உள்ளங்கை அளவுக் கறுப்பு பிளாஸ்டிக் கூடு படுத்திருந்தது. டி.வி.யோடு இணைத்த விளையாட்டுப் பெட்டியில் செருகி ஆடும் பழைய கேசட். அதன் முகத்தில் அவர் காலையில் ஒட்டிய புத்தம்புது லேபிள். லேபிளில் வாளை ஓங்கி நிற்கும் வீரன். அவன் முன்னால் பிடித்திருந்த வட்டக் கேடயத்தின் நட்டநடுவில், மிளகு நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"கேடயம் வச்சிருந்தும் கேடயத்துலயே குத்து வாங்கியிருக்கான். இவனுக்கு எந்த ராஜா வேலை போட்டுக் குடுத்தான்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜெராக்ஸ். நகலெடுக்கும் கடையில் பல வருஷம் நின்றதால் வந்த பெயர். இப்போது சர்வேயரம்மாவுக்கு உதவியாள். சர்வேயரம்மா முன்பு காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கிடங்கையும் நசுங்கிய காரையும் பார்த்து, எரிந்ததா எரித்ததா, நசுங்கியதா நசுக்கியதா என்று சொல்லி வந்தவர். ஓய்வு பெற்ற பின் அதே வேலையைத் தெருவுக்குச் செய்கிறார். பள்ளி வேன் ஓட்டும் லேபிள்காரரின் மனைவிதான் இருவரையும் வேனில் அள்ளிப்போட்டு வந்து கடை வாசலில் இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவரப் போய்விட்டாள்.

"பதறாம சொல்லுங்க. முதல்ல, இது என்ன வேலை?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

இந்தக் கேள்வி வந்தால் லேபிள்காரருக்குக் கவலைகூட மறந்துபோகும்.

"பழைய கேசட்ல முதல்ல போறது லேபிள்தாங்க. உள்ள இருக்கற சர்க்யூட் நல்லாவே இருக்கும். மேல இருக்கற படம் வெளுத்து, சுரண்டி, ஓரம் சுருண்டு போயிருக்கும். நான் ஹேர் டிரையரால லேசா சூடு காட்டி அதை உரிப்பேன். மிஞ்சின பிசினை ஸ்பிரிட்ல துடைப்பேன். பழைய படத்தை ஸ்கேன் பண்ணி, போன நிறத்தை ஒவ்வொண்ணா திருப்பிக் கொண்டுவந்து, ஸ்டிக்கர் தாள்ல அச்சடிப்பேன். ஒட்டறதுக்கு முன்னாடி கூட்டு மேல ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணி. அது எதுக்குன்னு கேளுங்க."

"கேக்க மாட்டோம்னு சொன்னா விட்டுடுவீங்களா?" என்றான் ஜெராக்ஸ்.

"தண்ணி இருந்தா லேபிள் உடனே பிடிக்காது. வழுக்கும். இப்படி அப்படி நகர்த்திச் சரியா பள்ளத்துல உக்கார வைக்கலாம். அப்புறம் தண்ணியை வழிச்சு எடுத்துட்டு, கனம் வச்சு மறுநாள் வரைக்கும் அசையாம வச்சா, நகத்தால கீறினாலும் எழும்பாது."

"நகத்தால வேண்டாம்னுதான் வேற எதாலயோ குத்திட்டாங்க."

லேபிள்காரரின் முகம் மறுபடி சுருங்கியது. இந்த கேசட் ஒரு பல் டாக்டருடையது. அவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கேசட் வைக்க வீட்டில் மனைவி இடம் தரவில்லை என்பதால், லேபிள் புதுப்பித்த ஒவ்வொன்றும் இந்தக் கடையின் முன் அலமாரியிலேயே காட்சிக்கு நிற்கும் என்று ஏற்பாடு. பெயின்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைத் திறந்தவருக்கு அந்தப் பெட்டிதான் கடை. முதல் கேசட்டிலேயே இரண்டு துளை பார்த்துவிட்ட டாக்டர், "நாளைக்கு அஞ்சு மணிக்கு வருவேன். இன்னொரு ஓட்டை பார்த்தேன்னா பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவேன்" என்று நேற்றுச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது மணி மூன்றேகால். அதே பளபளப்பில் ஸ்டிக்கர் தாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

"துளை எதுக்குன்னு எனக்குத் தெரியுங்க. அதனாலதான் குழப்பமே. இந்த மாடலைச் செஞ்சவங்க, கூட்டோட ரெண்டு பாதியையும் ஒரே ஸ்க்ரூவால பூட்டி, அந்த ஸ்க்ரூ தெரியக் கூடாதுன்னு அது மேலயே லேபிளை ஒட்டிட்டாங்க. லேபிளைக் குத்தாம கூட்டைத் திறக்கவே முடியாது. ஸ்க்ரூ சரியா கேடயத்துக்கு அடியில இருக்கு."

"அப்போ யாரோ திறந்திருக்காங்க."

"மூணு தடவை! முன்னாடி ரெண்டு தடவையும் நானும் திறந்து பார்த்தேன். எதுவுமே போகலை. சர்க்யூட் போர்டு அப்படியே இருக்கு. கூட்டுல இருக்கறதே அது ஒண்ணுதான். எதையும் எடுக்காதவன் எதுக்குங்க திறக்கணும்?"

சர்வேயரம்மா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எதுவும் போகலைன்னு சொல்லாதீங்க. இப்ப இல்லாம இல்லை, அவ்வளவுதான். போயிட்டுத் திரும்பி வந்திருக்கலாம்ல?"

"திருப்பிக் கொண்டுவந்து வைக்கிற திருடனா!" என்றான் ஜெராக்ஸ். "எங்க வீட்டுக் குடையை எடுத்தவன்கிட்ட இவனைக் கொஞ்சம் அறிமுகப்படுத்தணும்."

அவர் துளையின் மேல் குனிந்தார். "விளிம்புல கிழிஞ்ச பிசிறைப் பாருங்க. அடியில இருக்கறது ஒரு பக்கமா முறுக்கியிருக்கு. மேல இருக்கறது எதிர்ப் பக்கமா முறுக்கியிருக்கு. திறந்த கையே மறுபடி இறுக்கியிருக்கு. அவசரமே இல்லாம, ஒழுங்கா. கோபத்துல செஞ்ச வேலை இல்லை இது."

"ஒழுங்கான ஆளா? அப்போ நம்ம தெருவுல யாரும் இல்லை."

"மதியம் கடையில யாரு?"

லேபிள்காரர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நாற்காலியில் முதுகு பட்டும் படாமல் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்தவர். ஊரில் கார் ஓட்டும் பாதிப் பேரும், ஓட்டாத பாதிப் பேரும் அவர் முன்னால் வியர்த்தவர்கள். மருமகனின் தொழிலை "பசை வேலை" என்பார். பொம்மைச் சாமானுக்குச் சட்டை மாட்டும் பிழைப்பு என்பார். ஆனாலும் முதல் துளை விழுந்த அன்றே, "சாப்பாட்டு நேரத்துல நான் காவல் இருக்கேன்" என்று தானாகவே வந்து உட்கார்ந்ததில் லேபிள்காரர் நெகிழ்ந்துபோயிருந்தார்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று பல்லைக் காட்டினான் ஜெராக்ஸ். "மூணு தடவை ஃபெயில் பண்ணினீங்க."

"பின்கண்ணாடி பார்க்கலை."

"முதல் தடவை வண்டியே ஸ்டார்ட் ஆகலை சார்."

"ஸ்டார்ட் ஆகாத வண்டியில கண்ணாடி பார்க்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா?"

சர்வேயரம்மா குறுக்கே வந்தார். "ஐயா, மதியம் மாப்பிள்ளை சாப்பிடப் போனப்ப யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலை. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு நான் உள்ளதான் இருந்தேன். அவர் திரும்பி வர்ற வரைக்கும் அந்த விளையாட்டுமேல வச்ச கண்ணை எடுக்கலை."

"நிச்சயமா?"

"நான் பொய் சொல்ற ஆள் இல்லைம்மா."

சர்வேயரம்மா தலையாட்டிவிட்டு உள்ளே நடந்தார். லேபிள்காரர் பின்னாலேயே ஓடினார். "மாமா பொய் சொல்ல மாட்டாருங்க. அப்போ ஆள் வராமலே துளை விழுதா? பிளாஸ்டிக் சூட்டுல விரிஞ்சு ஸ்க்ரூ தானா மேல எழும்புமோ?"

"தானா எழும்பி, தானா திருகி, தானா உக்காருமா? அப்படி ஒரு ஸ்க்ரூ இருந்தா அதுக்கு லேபிள் ஒட்டாதீங்க, மாலை போடுங்க" என்றான் ஜெராக்ஸ்.

லேபிள்காரர் கூட்டைத் திறந்து போர்டை எடுத்துக் கொடுத்தார். பச்சை நிறப் பலகை. ஒரு விளிம்பில் வரிசையாகச் செப்புப் பட்டைகள். இந்தப் பட்டைகள்தான் விளையாட்டுப் பெட்டியின் வாய்க்குள் போய், உள்ளேயிருக்கும் கம்பிகளைத் தொட்டு, படத்தை டி.வி.க்கு அனுப்புகின்றன.

"இதை எப்போ சுத்தம் பண்ணினீங்க?"

"லேபிளை உரிச்ச அன்னைக்கே. ரப்பரால தேய்ச்சு, ஸ்பிரிட்ல துடைச்சேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"அதுக்கப்புறம் பெட்டியில செருகினீங்களா?"

"இல்லையே. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. வேலை செய்யுதான்னு மாமாவைத்தான் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 'ஓடுது'ன்னார். அவ்வளவுதான்."

சர்வேயரம்மா பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். செப்புப் பட்டைகளின் மேல் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. கம்பி உரசிய புதுக் கீறல்கள். லேபிள்காரருக்கு விஷயம் மெல்ல உறைத்தது.

"யாரோ எடுத்து ஆடிட்டு, திருப்பி வச்சிருக்காங்க! ஆனா வெறும் போர்டைச் செருகினா நேரா நிக்காதே. கூடு வேணும். கூடு என் தட்டுல இல்ல இருக்கு?"

"வேற கூடு வச்சிருக்கீங்களா?"

மூலையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய உதிரிக் கூடுகள் கிடந்தன. லேபிள் இல்லாத, உடைந்த கேசட்டுகளிலிருந்து கழற்றியவை. எல்லாவற்றின் மேலும் தூசி. ஒன்றே ஒன்று மட்டும் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டது போலப் பளிச்சென்று இருந்தது. அதில் ஸ்க்ரூகூட இல்லை. இரண்டு பாதியையும் ஒரு ரப்பர் பேண்ட் பிடித்திருந்தது.

"சரி, எங்க ஆடியிருப்பான்?" என்று கேட்ட ஜெராக்ஸ், பின்னறையில் சோதனைக்காக வைத்திருந்த சின்ன டி.வி.யின் முன்னால் முக்காலியில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே நிமிர்ந்தான். "அம்மா, இங்க வாங்க."

டி.வி.யின் மேல் ஓரத்தில், கம்பியை வளைத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தது. லேபிள்காரரும் அதைப் பார்த்திருந்தார். மனைவி பொட்டு வைத்துக்கொள்ள வைத்திருப்பாள் என்று நினைத்து விட்டுவிட்டார். முக்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அதில் முகம் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கும் கடை வாசலும் பாதி இறங்கிய ஷட்டரும் பிசகாமல் தெரிந்தன.

"விளையாட்டு ஆடும்போதுகூட பின்கண்ணாடி வச்சுக்கற ஆளு..." என்று ஜெராக்ஸ் ஆரம்பித்தான். சர்வேயரம்மா அவன் தோளைத் தட்டி எழுப்பினார்.

"சும்மா இரு. ஐயாகிட்ட கேட்டா கண்ணாடி மாட்டினது பாதுகாப்புக்குன்னுதான் சொல்வார். அதுவும் உண்மையாத்தான் இருக்கும். எனக்கு விளையாட்டைப் போட்டுக் குடுங்க."

லேபிள்காரர் போர்டை உதிரிக் கூட்டில் வைத்துச் செருகினார். டி.வி. முனகிக்கொண்டு விழித்தது. ஜெராக்ஸ் திரைக்கு அருகே போய்க் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"வீரன் எங்க?"

"அந்த மஞ்சள் சதுரம்தாங்க வீரன்" என்றார் லேபிள்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு. "அந்தக் காலத்து மெஷின்ல அவ்வளவுதான் வரும். அதனாலதான் வெளியில லேபிளைப் பிரமாதமா வரைஞ்சாங்க. லேபிளைப் பார்த்துட்டு ஆடறவங்க மீதியை மனசுல வரைஞ்சுக்கணும்."

"அந்தக் கவுத்து வச்ச குவளை?"

"அது யாளி."

சர்வேயரம்மா ஆடத் தொடங்கினார். ஆடவா செய்தார்! சதுரத்தைச் சுவரில் முட்டினார். பள்ளத்தில் இறக்கினார். குவளையின் வாய்க்குள் தானாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். சத்தம் கேட்டு மாமனார் பின்னறை வாசலில் வந்து நின்று, சுவரிலிருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லேபிள்காரர் தற்செயலாகக் கீழே பார்த்தார். சதுரம் சுவரை நெருங்கும்போதெல்லாம் மாமனாரின் வலது கால் தரையை அழுத்தியது. தேர்வு வைக்கும் அதிகாரிக்கென்று காரில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த பிரேக்கை இங்கே தரையில் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கால்.

சதுரம் ஒரு கதவை நோக்கிக் கண்மண் தெரியாமல் ஓடியது. கால் அழுத்தியது. இன்னும் ஓடியது. கால் பலமாக அழுத்தியது.

"நிறுத்தும்மா!" என்று கத்தினார் மாமனார். "அந்தக் கதவு ரெண்டு தடவை சும்மா திறந்து ஏமாத்தும், மூணாவது தடவைதான் போகணும்! பின்னாடி யாளி வருது, அதைப் பார்க்கறியா நீ? யாரு உனக்கு ஆடக் கத்துக் குடுத்தது?"

சதுரத்தைக் குவளை விழுங்கியது.

சர்வேயரம்மா விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே வைத்தார். "நான் ஃபெயிலா ஐயா?"

மாமனார் சட்டைப் பொத்தானைத் திருகினார். "நான் பொய் எதுவும் சொல்லலை. யாரும் வரலைன்னேன், வரலை. கண்ணை எடுக்கலைன்னேன், எடுக்கலை."

"தெரியும். உங்க பேச்சுல இருந்த நேர்மைதான் உங்களைக் காட்டிக் குடுத்துச்சு. காவல்காரங்க எல்லாம் 'கேசட் மேல கண்ணை எடுக்கலை'ன்னுதான் சொல்வாங்க. நீங்க 'விளையாட்டு மேல'ன்னீங்க."

"மாமா, ஏன் மாமா?" லேபிள்காரருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வியப்புதான் வந்தது. "ஆடணும்னா கேசட்டை முழுசா எடுத்துச் செருக வேண்டியதுதானே?"

"மறுநாள் வரைக்கும் கூட்டை இம்மி அசைக்கக் கூடாதுன்னு நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க? நான் விதியை மீறலை. தட்டுல இருந்து அசைக்காம, படுத்த வாக்குலயே திறந்து, உள்ள இருக்கறதை மட்டும் எடுத்தேன். அதை எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலை."

"லேபிளைக் குத்தக் கூடாதுன்னும் நான் சொல்லலைதான். அது சொல்லாமலே தெரியும்னு நினைச்சுட்டேன்."

"சார் உங்களை ஃபெயில் பண்ணிட்டார்" என்றான் ஜெராக்ஸ்.

மாமனார் முக்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "அன்னைக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னீங்க. பார்த்தேன். எடுக்க மனசு வரலை. பழைய மெஷின், ஆட்டத்தைச் சேர்த்து வைக்காது. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்துதான். ஏழாவது கதவு வரைக்கும் போயிட்டேன். அங்க நான் ஃபெயில். தினமும் ஃபெயில்." சட்டைப் பொத்தானை மறுபடி திருகினார். "பசை வேலைன்னு சொன்ன வாயால, ஒரு ஆட்டம் குடுங்க மாப்பிள்ளைன்னு எப்படிக் கேக்கறது?"

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். டாக்டர் சரியாக ஐந்து மணிக்கு வந்துவிட்டார். நேராகத் தட்டுக்குப் போனார். குனிந்தார். நோயாளியின் வாயைப் பார்ப்பவர் போல இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"மறுபடியும்" என்றார். டிரங்குப் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தார்.

லேபிள்காரர் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். மாமனாரைக் காட்டிக்கொடுத்தால் பெட்டி தங்கும். ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? "தாள் சரியில்லைங்க" என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"குத்தினது நான்" என்றார் மாமனார். எழுந்து, தேர்வு முடிவு அறிவிக்கும் தோரணையில் நேராக நின்றார். "மாப்பிள்ளையோட வேலையில ஒரு குத்தமும் இல்லை. மூணு தடவையும் நான்தான் குத்தினேன். உள்ள இருக்கறதை எடுத்து ஆடறதுக்காக."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ளயா? உள்ள என்ன இருக்கு?"

ஜெராக்ஸ் டாக்டரையும் கேசட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"விளையாட்டு இருக்குங்க" என்றார் லேபிள்காரர் மெதுவாக.

"அது தெரியும், பொதுவா. நான் சேர்க்கறது படத்துக்காக. வீரன், யாளி, ராக்கெட். எங்க வீட்டுல டி.வி.யே கிடையாதே."

"மேல்பூச்சை மட்டும் பார்த்துட்டு உள்ள எட்டிப் பார்க்காத பல் டாக்டரை இப்பதான் பார்க்கறேன்" என்றான் ஜெராக்ஸ்.

டாக்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. யோசித்தார். "ஞாயித்துக்கிழமை என் நண்பர்கள் இங்க கடைக்கு வருவாங்க. கையில எடுத்துப் பார்ப்பாங்க. காலியா இருந்தா கனத்துலயே தெரிஞ்சுடும். அன்னைக்கு மட்டும் உள்ள எல்லாம் இருக்கணும். மத்த நாள்ல பெரியவர் எடுத்து ஆடிக்கட்டும், எனக்கென்ன? ஆனா லேபிள்ல ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. ஒரு கீறல் தெரியக் கூடாது."

"காலிக் கூட்டுக்குள்ள ஒரு பிஸ்கட் வச்சா கனம் சரியா இருக்குமே?" என்று ஜெராக்ஸ் உதவ வந்தான்.

"எறும்பு வரும்" என்றார் டாக்டர் மிகத் தீவிரமாக.

எல்லோரும் சர்வேயரம்மாவைப் பார்த்தார்கள். அவர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆளைக் கண்டுபிடிக்கறது என் வேலை. வாரா வாரம் திறந்து மூடணும், குத்தவும் கூடாதுன்னா அது லேபிள் வேலை."

லேபிள்காரர் கடைசித் தாளைக் கையில் எடுத்தார். கிழிந்த வீரனைப் பார்த்தார். வாள், கை, கேடயம். கேடயத்தைச் சுற்றி, வரைந்தவன் யாரோ தடிமனாக இழுத்துவிட்டுப் போன கறுப்புக் கோடு. ஒரு முழு வட்டம். அந்தக் கோட்டின் மேல் அவர் விரல் ஒரு சுற்று சுற்றி நின்றது. மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தார்.

"மாமா, அந்த வட்டம் வெட்டற கத்தியை எடுங்க."

அச்சடித்து, பளபளப்புப் படலம் ஒட்டி, வெட்டி, சோப்புத் தண்ணீரில் வழுக்கி உட்கார வைத்து, தண்ணீரை வழித்தெடுத்தார். டாக்டர் மூக்கு உரசக் குனிந்தும் வெட்டு தெரியவில்லை. மாமனார் நகத்தால் கேடயத்தின் ஓரத்தை மெல்ல நெம்பினார். கேடயம் மட்டும் கையோடு வந்தது. அடியில் ஸ்க்ரூ மின்னியது. திரும்ப வைத்து அழுத்தினார். வீரன் முழுசாக நின்றான்.

"பாஸ்" என்றார் மாமனார்.

"எப்படிங்க?" என்று கேட்டார் டாக்டர்.

லேபிள்காரர் விளக்கினார். "லேபிளை நல்ல பசையிலதான் ஒட்டியிருக்கேன். நாளைக்கு வரைக்கும் கனம் வச்சா கெட்டியா பிடிச்சுடும். கேடயத்தை மட்டும் அந்தக் கறுப்புக் கோட்டு மேலயே சுத்தி வெட்டி, தனி வட்டமாக்கி, சுலபமா எழும்பற பசையில வச்சிருக்கேன். கறுப்புல வெட்டினதால வெட்டு தெரியாது. ஸ்க்ரூவைத் திறக்கணும்னா கேடயத்தை எடுக்கணும், மூடினதும் திரும்ப ஒட்டணும். இனிமே குத்த வேண்டியதே இல்லை."